கொக்கின் கால் எட்டாத இடம்

மிளகுக்குக் காலையிலிருந்து வயிற்றுவலி. எங்கே வலிக்கிறது என்று அம்மா கேட்டபோது இடது பக்கம் காட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டபோது வலது பக்கம் காட்டினாள்.

"வலிக்குக் கால் முளைச்சிருக்கு போல," என்றாள் அம்மா.

அது வலியே இல்லை, பயம். பயத்தைக் காட்டத் தனியாக ஓர் இடம் கிடையாதே, அதனால் வயிற்றைக் காட்டினாள்.

மிளகு என்பது கராத்தே வகுப்பில் வைத்த பட்டப்பெயர். ஆள் சின்னவள், ஆனால் அவள் குத்து விட்டால் காரமாக இருக்கும். போன வாரம் மாஸ்டர் அவளைக் கொக்கு அக்காவுக்கு எதிரே நிறுத்தினார். அதுவும் பட்டப்பெயர்தான். கொக்கு மூன்று வயது மூத்தவள், உடம்பில் பாதிக்கு மேல் காலாகவே இருக்கும்.

அந்தக் கால் விர்ரென்று வந்து மிளகின் வயிற்றில் இறங்கியது. கவசம் போட்டிருந்ததால் காயம் இல்லை. ஆனால் மூச்சு நின்றுவிட்டது. வாயைத் திறந்தாள், காற்று உள்ளே போகவில்லை. செத்துவிடுவோம் என்றே நினைத்தாள். பிறகு மூச்சு திரும்பி வந்தது. பயம் மட்டும் திரும்பிப் போகவில்லை.

அதன்பின் கொக்கு காலைத் தூக்கினாலே மிளகு பின்னால் ஓடினாள். ஓடி ஓடிக் களத்தின் எல்லைக் கோட்டைத் தாண்டினாள்.

மாஸ்டர் விசிலை ஊதினார். "அடுத்த வாரமும் இதே ஜோடிதான். மூணு தடவை கோட்டைத் தாண்டினா, கொஞ்ச நாள் சின்னப் பிள்ளைங்க வரிசையில நில்லு. அதுல ஒண்ணும் தப்பில்ல."

மாஸ்டருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த வரிசையில்தான் மிளகின் தம்பி இருக்கிறான். அன்றைக்கே அவளுக்கு இடம் பிடித்துவிட்டான்.

"என் பின்னாடி நின்னுக்கோ அக்கா. சந்தேகம் வந்தா என்னைக் கேளு."

இதோ, அந்த அடுத்த வாரம் வந்துவிட்டது. வெளியே மழை. சீருடையைச் சாமான் அறையில் காயப் போட்டிருந்தார்கள். எடுக்கப் போனால், ஈரத்தில் மரக்கதவு உப்பி இறுகிப் போயிருந்தது.

மிளகுக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். கதவு திறக்காவிட்டால் சீருடை இல்லை. சீருடை இல்லாவிட்டால் வகுப்பு இல்லை.

அப்பா வந்தார். "இதெல்லாம் எட்டி உதைச்சாத்தான் திறக்கும்."

காலைத் தூக்கினார். கதவுக்கு முன்னால் நடைவழி குறுகலானது, பின்னால் துணி துவைக்கும் இயந்திரம் வேறு. அவருடைய முதுகு இயந்திரத்தில் இடித்தது, முட்டி கதவில் இடித்தது. கால் நீளவே இல்லை.

"எட்டி உதைக்கணும்னா எட்ட நிக்கணும். இங்க இடம் எங்க இருக்கு?" என்று முட்டியைத் தேய்த்தார். பிறகு பூட்டுக்குப் பக்கத்தில் கையால் ஓங்கி ஒரு குத்து விட்டார். கதவு படாரென்று திறந்தது.

சீருடை கொடியில் தொங்கியது. நன்றாகவே காய்ந்திருந்தது, பாவி.

வகுப்பில் மிளகு கையுறையை மாட்டிக்கொண்டாள். எதிரே கொக்கு நின்றாள். விசில் ஒலித்தது.

கால் எழுந்தது. மிளகின் கால்கள் அவளைக் கேட்காமலே பின்னால் போயின. கோடு!

"ஒண்ணு," என்றார் மாஸ்டர்.

மறுபடியும் கால். மறுபடியும் கோடு.

"ரெண்டு."

தம்பி கொஞ்சம் நகர்ந்து தனக்குப் பின்னால் இடம் விட்டான். மிளகுக்கு அழுகை முட்டியது. அந்த நேரத்தில் ஏனோ அப்பாவின் முட்டி நினைவுக்கு வந்தது. எட்டி உதைக்கணும்னா எட்ட நிக்கணும்.

'அய்யோ! நான் ஓடி ஓடி இவங்களுக்கு இடம் கொடுத்துட்டு இருக்கேனா?'

கொக்கின் கால் மூன்றாம் முறை எழுந்தது. மிளகின் உடம்பு முழுக்க 'ஓடு, ஓடு' என்றது. அத்தனை பயத்தோடும் அவள் முன்னால் பாய்ந்தாள்.

உதை விழவில்லை. கால் நீள இடமே இல்லை. கொக்கு ஒற்றைக் காலில் தத்தளித்தாள். மிளகின் முஷ்டி தயாராக இருந்தது. அப்போதுதான் கொக்கின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தாள். கொக்கு கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தாள். உதடு நடுங்கியது.

மிளகு கவசத்தில் 'டொக்' என்று மெதுவாக ஒரு குத்து வைத்தாள். பின்பக்கமாகச் சாய்ந்த கொக்கை இடுப்புப் பட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மிளகுக்கு ஒரு புள்ளி!" என்றார் மாஸ்டர்.

கடைசியில் கொக்குதான் ஜெயித்தாள். ஆனால் மிளகு மூன்றாம் முறை கோட்டைத் தாண்டவே இல்லை. தம்பி பிடித்து வைத்த இடம் காலியாகவே கிடந்தது.

தண்ணீர் குடிக்கும்போது கொக்கு பக்கத்தில் வந்தாள். "அவ்வளவு கிட்ட வந்தா நான் என்னடி பண்றது? எனக்குக் குத்துன்னாலே பயம்."

"உங்களுக்கா!"

"பின்ன? அதனாலதான் காலைத் தூக்கித் தூக்கி எல்லாரையும் எட்டவே வெச்சிருக்கேன்."

மிளகுக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கு உங்க காலை நினைச்சாலே வயித்துவலி அக்கா." கொஞ்சம் யோசித்தாள். "அடுத்த வாரம் சீக்கிரம் வரலாமா? நான் மெதுவா குத்தறேன், நீங்க கண்ணை மூடாம நில்லுங்க. அப்புறம் நீங்க மெதுவா உதைங்க."

"ரொம்ப மெதுவா குத்தணும்."

"நீங்களும்தான்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "வயித்துவலி எந்தப் பக்கம் இருக்கு இப்போ?"

மிளகு இடமும் காட்டவில்லை, வலமும் காட்டவில்லை. கதவுக்கு வெளியே தெருவைக் காட்டினாள்.

"எட்டப் போயிடுச்சும்மா."