முதலாவது ஆள் எழுதுகிறான்

மேசை லாச்சிக்குள் ஈரம் இருந்தது. மாடியில் இருக்கிற அலுவலகம், கூரையில் ஒழுக்கு இல்லை, தண்ணீர்ப் போத்தலை லவீனா அதற்குள் வைப்பதும் இல்லை. லாச்சிப் பூட்டின் திறப்போ அவளுடைய கழுத்துச் சங்கிலியில் மாதா பதக்கத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தது ஒரு பழைய கைபேசி மட்டும்தான். அதன் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அவள் சட்டை நுனியால் அதைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் கடல் மணந்தது.

அது அவளுடைய அண்ணன் எமில்ராஜின் கைபேசி. பங்குனி மாதம் ஒரு விடியற்காலை அதைச் சார்ச்சில் போட்டுவிட்டுக் கடலுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. மண்டைதீவுப் பக்கம் படகு மட்டும் கவிழ்ந்து கிடந்தது, உடல் கிடைக்கவில்லை. அந்தக் கிழமை பார்த்துத்தான் தாய் சிசிலியாவும் நெஞ்சுநோவென்று ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதிர்ச்சி ஏதும் கொடுத்தால் தாங்கமாட்டாள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். என்னதான் செய்வது? குருநகரில் அந்தத் தெருவே கூடி ஒரு பொய்யைக் கட்டியது. எமில் ஏஜென்சிக்காரன் மூலம் வெளிநாடு வெளிக்கிட்டுவிட்டானாம். யாழ்ப்பாணத்தில் இதை நம்பாத தாய் உண்டோ? சொல்லாமல் கொள்ளாமல் போவார்கள், மாதக்கணக்கில் சத்தமே இருக்காது, பிறகு ஒருநாள் பனிக்குள் நின்று படம் அனுப்புவார்கள். சுவாமியார்கூடப் பூசையில் அவன் பெயரைச் சொல்லவில்லை. "கடலோடு போன ஒருவருக்காக" என்றுதான் மன்றாடினார்.

வீட்டுக்கு வந்த தாய் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழும்பிப் போவாள். பார்க்கச் சகிக்காமல்தான் லவீனா அண்ணனின் கைபேசியிலிருந்து எழுதத் தொடங்கினாள். 'அகதிக் காம்பிலை வைச்சிருக்கினம் அம்மா, கதைக்க விடமாட்டினம், எழுதத்தான் விடுகினம்.' அன்றைக்குத் தாய் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள். லவீனா குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

அவளுடைய வேலையும் அதற்கு வசதியாகப் போயிற்று. முன்பின் தெரியாத மனிதர்கள் இணையத்தில் எழுதியது, பார்த்தது, தேடியது எல்லாவற்றையும் அங்கே ஒரு மென்பொருள் விழுங்கி, ஆளுடைய மனதை மூன்றே வரியில் கக்கும். அச்சம். ஆசை. அடுத்த செயல். வெளிநாட்டில் யாரோ அதை வாங்குகிறார்கள். ஆட்களுக்குப் பெயரில்லை, எண்தான். தமிழில் எழுதுகிறவர்களின் குறிப்புகளைச் சரிபார்ப்பது அவளும் பக்கத்து மேசைப் பிரகாசும். புருசனை விட்டுப் போகப்போகிறவளுக்கே இன்னும் தெரியாதிருக்கும், இது சொல்லிவிடும். அதன் கணிப்பு பிழைத்தது மிகக் குறைவு.

ஆவணி மாதம் தாய் கேட்டாள்: "அவன் ஏன் பிள்ளை ஒருநாளும் என்ன கறியெண்டு கேக்கிறானில்லை?"

லவீனா அடுத்த நாளே அண்ணனின் கைபேசியை ஓர் எண்ணின் கீழ் அந்த மென்பொருளோடு இணைத்து, அவன் எழுதிய பழைய செய்திகள் அவ்வளவையும் அதற்குள் போட்டாள். செய்யக்கூடாத வேலைதான். அவனைப்போலவே எழுதப் பழகவேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. குறிப்பு வந்தது. அச்சம்: வீட்டுக்குப் பாரமாவது. ஆசை: தாயின் கை. அடுத்த செயல்: கணிக்க முடியவில்லை.

தாயின் கை! முப்பது வயது ஆம்பிளை, கடலால் வந்ததும் அடுப்பு எரியும் குசினியின் படியில் குந்துவான். சிசிலியா துவாயால் தலை துவட்டிவிடுவாள். தெருப் பெடியள் பகிடி பண்ணுவார்கள், அவன் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பான். இதை அவன் ஒருநாளும் யாருக்கும் எழுதியதில்லை. அது எப்படி அறிந்தது என்று அன்றைக்கே அவள் பயந்திருக்கவேண்டும். பாவி மனம், பயப்படாமல் அழுதது.

இன்றைக்கு, இறந்தவர்களுக்கு மெழுகுதிரி கொளுத்துகிற சகல ஆத்துமாக்களின் திருநாள். மத்தியானத்திலிருந்தே மழை இருட்டு. லாச்சியைப் பூட்டப்போனவளைப் பிரகாஸ் கூப்பிட்டான்.

"லவீனா, உந்த எண்ணைப் பாருமன். ரெண்டு பேர் எழுதியிருக்கினம் எண்டு காட்டுது."

"ரெண்டு பேரோ?"

"ஓம். பங்குனி வரைக்கும் ஒராள். பிறகு வேறை ஆரோ, அவனைப்போல நடிக்கிற ஒராள்." அவன் திரையைத் தட்டிச் சிரித்தான். "பகிடி என்னெண்டால், போன கிழமையிலையிருந்து முதலாவது ஆள் திரும்ப எழுதுறான்."

லவீனா போன கிழமை முழுக்கக் காய்ச்சலில் கிடந்தவள். ஒரு வரிகூட எழுதவில்லை. கைபேசியும் இந்த லாச்சிக்குள்தான் பூட்டிக் கிடந்தது.

கதிரையில் உட்கார்ந்து அண்ணனின் கைபேசியைத் திறந்தாள். விரல் வழுக்கியது.

'அம்மா என்ன கறி'

'இங்கை சரியான குளிர்'

'ஏன் என்ரை பேரைச் சொல்லிப் பூசை வைக்கேல்லை'

கீழே தாயின் பதில், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டியது: 'வா ராசா. கதவு பூட்டேல்லை.'

பிரகாசின் திரையில் அச்சத்தின் வரி மாறியிருந்தது. மறக்கப்படுதல். அடுத்த செயல்: வீட்டுக்கு வருதல்.

அவள் மழைக்கோட்டை எடுக்கவும் இல்லை. ஸ்கூட்டியை எப்படி ஓட்டினாள் என்றே தெரியாது. குருநகருக்குள் திரும்பியபோது கரண்ட் நின்றிருந்தது. சனமெல்லாம் சேமக்காலைக்குப் போய்விட்டது. கல்லறைகளில் கொளுத்திய மெழுகுதிரியின் வாசம் மழையையும் மீறித் தெருவுக்குள் வந்து, கருவாட்டு மணத்தோடும் நனைந்த வலையின் மணத்தோடும் கலந்து, ஆளில்லாத வீடுகளின் பூட்டிய கதவுகளைத் தடவிக்கொண்டு நின்றது. அவர்கள் வீட்டிலிருந்து மட்டும் எட்டு மாதமாக ஒரு திரியும் போகவில்லை. பொய்யைக் காப்பாற்ற அண்ணனின் திரியை அணைத்து வைத்தவள் அவள்தான்.

முன்கதவு அகலத் திறந்து கிடந்தது. சிசிலியா விறாந்தையில், மடியில் ஒரு துவாயோடு இருந்தாள்.

"அம்மா, உங்கடை போனைத் தாங்கோ."

"ஏன் பிள்ளை, நனைஞ்சு போய் நிக்கிறாய்?"

"அதிலை வாறது அண்ணை இல்லையம்மா. நான்தான் எழுதினனான். அண்ணை..."

"தெரியும்."

லவீனா நிமிர்ந்தாள்.

"ஆஸ்பத்திரியாலை வந்த அண்டைக்கே தெரியும். அவன்ரை கடல் சட்டை கொடியிலை இல்லை. வெளிநாடு போறவன் கடல் சட்டையோடையே போவான்?" தாயின் குரலில் கோபம் இல்லை. "நீ எழுதி எழுதி ஆறுறாய் எண்டு பேசாமல் இருந்தன். நீயும் ஆரிட்டைப் போய் அழுவாய், சொல்லு."

எட்டு மாதமாக ஆளுக்காள் ஒளித்து வைத்திருந்த அழுகை லவீனாவுக்கு உடைந்துகொண்டு வந்தது. தாயின் முழங்காலில் முகத்தைப் புதைத்தாள். தாய் தலையைத் தடவினாள். எவ்வளவு சுகமாக இருந்தது அந்தக் கை. இத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்றுகூட நினைத்தாள்.

"ஆனால் இந்தக் கிழமை எழுதுறது நீயில்லை," என்றாள் சிசிலியா.

"அம்மா..."

"நானும் முதல் நீயெண்டுதான் நினைச்சன். பிறகு உனக்குத் தெரியாத ஒண்டைக் கேட்டன். சொன்னான்."

"என்ன கேட்டனீங்கள்?"

தாய் மழையைக் காதுகொடுத்துக் கேட்டாள். "ஊரெல்லாம் தங்கடை ஆக்களுக்குக் கொளுத்துது. அவனுக்கு எங்கை கொண்டுபோய்க் கொளுத்துறது? அதுதான் இங்கை வரச்சொன்னனான். குசினிப் படியிலை ஒரு திரி வைச்சிருக்கிறன்."

சொல்லிவிட்டு எழும்பினாள். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, இருட்டுக்குள், பழகிய கால்களோடு பின்பக்கம் போனாள்.

லவீனாவின் கைபேசி துடித்தது. அலுவலகத்திலிருந்து அந்த எண்ணின் புதிய குறிப்பு.

அச்சம்: இல்லை.

ஆசை: தாயின் கை.

அடுத்த செயல்: தாயைக் கூட்டிக்கொண்டு போதல்.

பிழைத்தது மிகக் குறைவு.

ஓடினாள். நடையில் தண்ணீர். சளக்கென்று கால் வழுக்கியது. கிணற்றுத் தண்ணீர் இல்லை, மழைத் தண்ணீரும் இல்லை. உதட்டில் தெறித்தது உப்பாக இருந்தது.

குசினி வாசல். திரி அணைந்து புகைந்துகொண்டிருந்தது.

சிசிலியா வாசலில் குனிந்து நின்றாள். படியில் எவருமே இல்லை. அவளுடைய கைகள் மட்டும் அசைந்தன. மெதுவாக. பழக்கமாக. தலை துவட்டுகிற கைகள். அந்தக் கைகளுக்குள் துவாய், குந்தியிருக்கிற ஓர் ஆளின் தலையளவு உருண்டு நின்றது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"தலையெல்லாம் மண், ராசா," என்றாள் தாய்.

"அம்மா, உள்ளுக்கை வாங்கோ."

"பொறு பிள்ளை. இவனோடை ஒருக்கால் போயிட்டு வாறன்."

லவீனா தாயின் கையைப் பிடித்தாள். சற்றுமுன் தன் தலையைத் தடவிய கை. இப்போது குளிர்ந்து, விரலெல்லாம் சுருங்கி, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறிய கையைப்போல இருந்தது. விடவில்லை. இழுத்தாள். தாய் அசையவில்லை.

"அம்மா. அம்மா, போகாதேங்கோ."

சிசிலியா சிரித்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு.

"எமில், தங்கச்சி அழுறாள், பாரடா."

தாயின் கைகள் நின்றன.

துவாய் மெல்ல மெல்ல லவீனாவின் பக்கம் திரும்பியது.