நெடுமோட்டையில் கேட்ட கூக்குரல்

“நெடுமோட்டைக்கோ? நீயோ?”

வேலம்புலவு ஊரின் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் நின்ற வேட்டைக்காரர்கள் இப்படிக் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். பரஞ்சோதிக்கு முகம் சிவந்துவிட்டது.

அந்த வருடம் வன்னிக் காடு காய்ந்து கிடந்தது. மழைத் தண்ணீர் தேங்கும் காட்டுக் குட்டைகளை அங்கே மோட்டை என்பார்கள். ஊரைச் சுற்றியிருந்த மோட்டைகள் எல்லாம் வற்றி, அடிச்சேறு வெடித்துப் போயிருந்தது. ஒன்றரை நாள் நடைத் தூரத்தில், நடுக்காட்டில் இருந்த நெடுமோட்டையில் மட்டும் தண்ணீர் நிற்கிறது, மாலையானால் மரைகள் கூட்டமாக இறங்குகின்றன என்று பேச்சு. மரை என்பது மாட்டளவு வளரும் பெரிய காட்டுமான். ஒன்று விழுந்தால் பத்துக் குடும்பத்துக்கு இறைச்சி. ஆனாலும் கரடிக்குப் பயந்து ஒருவரும் அந்தப் பக்கம் கிளம்பவில்லை.

பரஞ்சோதிக்கு இருபத்து மூன்று வயது. ஊர்க்காரர்கள் கூட்டாக வேட்டைக்குப் போனபோதெல்லாம் அவனைச் சுமை தூக்கத்தான் கூட்டிப்போனார்கள். தகப்பன் விட்டுப்போன துவக்கு, அந்தப் பழைய துப்பாக்கி, வீட்டுக் கூரை வளையில் தொங்கியது. அன்றிரவே முடிவு செய்தான். மறுநாள் விடியற்காலையில் மூன்று பேர் காட்டில் இறங்கினார்கள். முன்னே பரஞ்சோதி, பின்னால் அவனுடைய மச்சான் குலவீரசிங்கம், கடைசியில் அடித்தடம் பார்த்து மிருகம் தேடுவதில் கெட்டிக்காரனான அந்தோனி.

முதல் நாள் முழுவதும் நடந்து, வறண்ட ஆற்றை அடைந்தார்கள். மணலைத் தோண்டி ஊற்றெடுத்துக் குடித்தார்கள். மறுநாள் உச்சி வெயிலில் பாதை மூன்றாகப் பிரியும் இடத்துக்கு வந்தபோது அந்தோனி சட்டென்று நின்றுவிட்டான்.

“குழை கிடக்குது,” என்றான்.

நெடுமோட்டைக்குப் போகும் நடுப்பாதையின் குறுக்கே பாலை மரக்கிளை ஒன்று, இலை குழையோடு வெட்டிப் போடப்பட்டிருந்தது. வெட்டிய முனை மோட்டையைப் பார்த்திருந்தது.

அந்தக் காடு அரசாங்கக் காடு. எந்த ஊர்க்காரனும் உள்ளே போகலாம், எவனுக்கும் வேலி கிடையாது. வேலிக்குப் பதில் இந்தக் குழைதான் இருந்தது. முதலில் போகிறவன் பாதையில் குழை போட்டுவிட்டுப் போவான். பின்னால் வருகிறவன் அதைக் கண்டால் வேறு மோட்டைக்குத் திரும்பிவிட வேண்டும். தண்ணீருக்காக உள்ளே போயே ஆக வேண்டுமென்றால், தூரத்திலேயே நின்று ‘கூ’ என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவன் பதில் குரல் கொடுத்த பிறகுதான் அடியெடுத்து வைக்கலாம். ஒருவன் வெடி வைக்கும் இடத்தில் இன்னொருவன் தெரியாமல் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம்.

அந்தோனி குனிந்து ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தான்.

“இண்டைக்குக் காலமை வெட்டினது. பால் கூடக் காயேல்லை. நாங்கள் இடதுபக்கப் பாதையாலை போவம்.”

“இடதுபக்கம் குருவிமோட்டை. அதிலை தண்ணி இருக்கோ இல்லையோ ஆருக்குத் தெரியும்?” என்றான் குலவீரசிங்கம்.

சங்கக்கடை வாசலில் கேட்ட சிரிப்பு பரஞ்சோதியின் காதில் இன்னும் இருந்தது. வெறுங்கையோடு திரும்பினால் அந்தச் சிரிப்பு ஆயுள் முழுக்க இருக்கும். அவன் குனிந்து குழையைத் தூக்கினான். இரண்டு எட்டு வைத்து, அதைப் பற்றைப் புதருக்குள் எறிந்தான்.

“இப்ப குழை இல்லை,” என்றான். “வாங்கோ.”

“வேண்டாம் பரஞ்சோதி,” என்றான் அந்தோனி.

“அப்ப நீ நில். நாங்கள் போறம்.”

காட்டில் தனியாக நிற்க யாரால் முடியும்? அந்தோனியும் வந்தான்.

நெடுமோட்டை அவர்கள் நினைத்ததைவிடப் பெரியது. நடுவில் இரண்டு தென்னை நீளத்துக்குத் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. கரையில் ஆளில்லை, பரணும் இல்லை. “பாத்தியா, ஒருத்தரும் இல்லை,” என்று பரஞ்சோதி அந்தோனியிடம் சொன்னான். காற்றுக்கு எதிர்ப்பக்கமாக ஒரு மருத மரத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். வெயில் சாயும் நேரம் மரைகள் இறங்கின. ஏழு எண்ணினார்கள். கடைசியில் வந்த கலைமரை, கொம்புள்ள ஆண், கழுத்தை நீட்டித் தண்ணீரில் வாய் வைத்தபோது பரஞ்சோதி விசையை இழுத்தான். ஒரே வெடி. மரை முன்காலில் மண்டியிட்டுச் சாய்ந்தது.

மறுநாள் விடிந்ததும் இறைச்சியைக் கீறி, தீ மூட்டி, வாட்டத் தொடங்கினார்கள். அப்போதுதான் வடக்கே பாறைகள் இருந்த பக்கத்திலிருந்து குரல் கேட்டது.

“கூ…”

மூவரும் அசையாமல் இருந்தார்கள். சிறிது நேரம் கழித்து மறுபடியும் கேட்டது. நீளமாக இழுத்து, நடுவில் உடைந்து போன குரல்.

“குழை போட்டவன்தான்,” என்று குலவீரசிங்கம் மெல்லச் சொன்னான். “எங்கடை வெடிச் சத்தம் கேட்டுச் சண்டைக்கு வாறான்.”

“பதில் குடுப்பம். கூப்பிட்டா குரல் குடுக்க வேணும்,” என்றான் அந்தோனி.

“குடுத்து என்னெண்டு சொல்லுறது? உன்ரை குழையை நாங்கள்தான் எறிஞ்சனாங்கள் எண்டோ?” என்றான் பரஞ்சோதி. “சாமானைக் கட்டுங்கோ.”

அவசரமாக இறைச்சியைச் சாக்குகளில் திணித்தார்கள். தீயை மண் போட்டு மூடவும் நேரம் எடுக்கவில்லை. கிளம்பும்போது மூன்றாவது தடவையும் அந்தக் குரல் கேட்டது. பரஞ்சோதி திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

வேலம்புலவு அவர்களை வாசலுக்கு வந்து வரவேற்றது. சிரித்தவர்களே சுமையை இறக்கினார்கள். மரைக்கொம்பைப் பார்க்கப் பக்கத்து ஊரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். “தகப்பன்ரை கை அப்படியே வந்திருக்கு,” என்று தோளில் தட்டினார்கள். வீடு வீடாக இறைச்சி போயிற்று. அந்தோனி மட்டும் தன் பங்கை வாங்க வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, பொழுது சாயும் நேரத்தில், மாங்குடியிருப்பு ஊரிலிருந்து ஒரு பெண் பரஞ்சோதியின் வேலிப் படலையில் வந்து நின்றாள். பெயர் அன்னமுத்து. ஐந்து மைல் வெயிலில் நடந்து வந்திருந்தாள்.

“தம்பி, நீங்கள் நெடுமோட்டைப் பக்கம் போய் வந்தனீங்களாம். என்ரை மனுசன் கார்த்திகேசு நாலு நாளிலை வாறனெண்டு போனவர். ஆறு நாளாச்சு. எந்த மோட்டைக்குப் போனாலும் சந்தியிலை குழை போட்டிட்டுத்தான் போவார். எங்கடை ஆக்கள் சந்தி வரைக்கும் போய்ப் பாத்தவை. குழையே இல்லையாம். அதாலை அந்தப் பக்கம் போகேல்லை எண்டு சொல்லி, கிழக்குக் காட்டிலை தேடுகினம். நீங்கள் போகேக்கை குழை ஏதும் கண்டனீங்களோ?”

எறிந்த குழை கார்த்திகேசுவின் உரிமையை மட்டும் சொல்லவில்லை. அவர் இருக்கும் இடத்தையும் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ஒரே சொல்லைத்தான் பரஞ்சோதி பற்றைக்குள் எறிந்திருந்தான்.

உண்மையைச் சொல்ல வாய் திறந்தான். வந்தது பொய்.

“இல்லை அக்கா. காணேல்லை.” பிறகு அவசரமாகச் சேர்த்தான்: “எண்டாலும் நாங்கள் விடியப் போய் நெடுமோட்டைப் பக்கம் பாக்கிறம்.”

“நீ நல்லாயிருப்பாய் ராசா,” என்று அவள் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

விடியுமுன்னே அந்த மூவரும் மறுபடி காட்டில் இறங்கினார்கள். இந்தத் தடவை துவக்கு ஒன்றுதான், மீதியெல்லாம் தண்ணீரும் கயிறும் துணியும். ஒன்றரை நாள் வழியை ஒரு நாளில் கடக்கப் பார்த்தார்கள். குலவீரசிங்கத்தின் கால் முள்ளேறி வீங்கியது. துணி சுற்றிக்கொண்டு நடந்தான். ஆற்று மணலில் ஒற்றை யானை ஒன்று வழி மறித்து நின்றது. அது விலகும்வரை மூச்சடக்கி மரத்தின் பின்னால் ஒரு மணித்தியாலம் நின்றார்கள். பரஞ்சோதி ஒவ்வொரு கணத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு கழித்தான்.

மறுநாள் காலையில் சந்தியைத் தாண்டியதிலிருந்து கூப்பிடத் தொடங்கினார்கள். “கூ… கார்த்திகேசண்ணை…” காடு திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. பரஞ்சோதி தொண்டை கட்டும்வரை கத்தினான். பதில் கிடைக்காத குரல் எப்படியிருக்கும் என்று அப்போது அவனுக்குத் தெரிந்தது.

மோட்டைக் கரைக்கு வந்ததும் அந்தோனி கையை நீட்டினான்.

அவர்கள் மூட்டிய தீயின் சாம்பலுக்குப் பக்கத்தில் ஒருவர் கிடந்தார். வலது கையும் முகத்தின் ஒரு பக்கமும் கிழிந்து, இரத்தம் காய்ந்து கறுத்திருந்தன. வலது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கிக் கிடந்தது. வேட்டியைக் கிழித்துக் காயங்களைக் கட்டியிருந்தார். வடக்குப் பாறையிலிருந்து அந்த இடம் வரைக்கும் மணலில் ஓர் ஆள் ஊர்ந்து வந்த தடம் தெளிவாகத் தெரிந்தது. கால் மைல் இருக்கும். அவருடைய கைக்கு எட்டிய தூரத்தில், அவர்கள் எறிந்துவிட்டுப் போன மரை எலும்புகள் சுரண்டப்பட்டுக் கிடந்தன.

அந்தோனி மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தான்.

“உயிர் இருக்கு. தண்ணியைத் துணியிலை நனைச்சுப் பிழி. ஊத்தாதை, புரையேறும்.”

இரண்டு தடிகளை வெட்டி, சாக்கைக் கோத்துத் தூக்குக்கட்டில் செய்தார்கள். திரும்பும் வழியில் பரஞ்சோதி முன்தடியை ஒருவரிடமும் மாற்றிக் கொடுக்கவில்லை. உள்ளங்கை கிழிந்து இரத்தம் வந்தது. இரண்டாம் நாள் மதியம் மாங்குடியிருப்பு எல்லையில் ஊரே திரண்டு நின்றது. அன்னமுத்து ஓடி வந்து கட்டிலைப் பிடித்தாள். யாரோ வெடி கொளுத்தினார்கள். கார்த்திகேசுவை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊர்ப்பெரியவர் பரஞ்சோதியின் கழுத்தில் மாலை போட்டார். அவன் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

கார்த்திகேசு பிழைத்தார். காலை வெட்ட வேண்டியிருக்கவில்லை. ஆனால் வலது கை மடங்கியபடியே நின்றுவிட்டது. ஒரு கண் போய்விட்டது. இனி அவரால் துவக்குப் பிடிக்க முடியாது என்று வைத்தியர் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து அவர் வீடு திரும்பியதும், பரஞ்சோதி பார்க்கப் புறப்பட்டான். குலவீரசிங்கம் வழியில் மறித்தான்.

“சொல்லாதை மச்சான். அவருக்கு ஆரெண்டு தெரியாது. ஊர் உன்னை மெச்சிக்கொண்டிருக்கு. நீதான் காப்பாத்தினனி. அது பொய்யில்லையே?”

“பொய்யில்லை,” என்றான் பரஞ்சோதி. “அதாலைதான் கஷ்டமாக்கிடக்கு.”

கார்த்திகேசு முற்றத்து வேப்பமரத்தடியில் சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருந்தார். அன்னமுத்து பாயை விரித்து, “இரு ராசா,” என்று தேத்தண்ணி வைக்க உள்ளே போனாள். கார்த்திகேசு மெல்லப் பேசினார். தாடை இன்னும் முழுதாக ஆறவில்லை.

“பாறையிலை கரடி பிடிச்சது பின்னேரம். பொழுதுபடேக்கை வெடி கேட்டுது. அப்பாடா, ஆக்கள் வந்திட்டாங்கள், தப்பீட்டன் எண்டு நினைச்சன். இருட்டிலை எனக்குக் குரல் வரேல்லை. விடிய மூண்டு தரம் கூப்பிட்டனான். அவங்களுக்குக் கேக்கேல்லைப் போலை. காத்து மாறி அடிச்சிருக்கும்.”

“காத்து மாறி அடிக்கேல்லை அண்ணை,” என்றான் பரஞ்சோதி. “கேட்டது.”

கார்த்திகேசு ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்த்தார்.

பரஞ்சோதி எல்லாவற்றையும் சொன்னான். குழையை எடுத்து எறிந்ததை, குரல் கேட்டும் வாய் மூடி இருந்ததை, அன்னமுத்து கேட்டபோது காணவில்லை என்று சொன்னதை. குலவீரசிங்கத்தின் பெயரையோ அந்தோனியின் பெயரையோ இழுக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, அன்னமுத்து தேத்தண்ணிக் கோப்பையோடு பின்னால் நிற்பது தெரிந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

கார்த்திகேசு மடங்கிய கையை மறுகையால் தூக்கி மடியில் வைத்தார்.

“அண்டைக்கே ஒரு குரல் குடுத்திருந்தா, இந்தக் கை மிஞ்சியிருக்கும் எண்டு டொக்டர் சொன்னவர்,” என்றார் கார்த்திகேசு. கோபமில்லாமல் சொன்னார். பரஞ்சோதிக்கு அது கோபத்தைவிடக் கடுமையாக இருந்தது.

“என்னை மன்னிக்க வேணும் அண்ணை.”

“விட்டிட்டுப் போனதும் நீதான். தூக்கிக்கொண்டு வந்ததும் நீதான். ஒண்டிலை ஒண்டை நான் கழிச்சுப் பாக்கமாட்டன் தம்பி. ரெண்டும் இருக்கு. ரெண்டும் இருக்கட்டும்.”

அன்னமுத்து கோப்பையைப் பாயருகே வைத்தாள். ராசா என்று கூப்பிட்ட வாய்தான்.

“குடிச்சிட்டுப் போங்கோ,” என்றாள்.

சூடு நாக்கைச் சுட, பரஞ்சோதி அதைக் குடித்து முடித்தான். அடுத்த ஞாயிறு நடந்ததை ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்னான். சங்கக்கடை வாசலில் அதற்குப் பிறகு யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பேசவும் இல்லை. வேட்டைக்குப் போகிற கூட்டங்கள் அந்த வருடம் அவனைக் கூப்பிடவில்லை. அந்தோனி மட்டும் ஒருநாள் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டான். “காட்டிலை எங்களைப் பாக்க ஒருத்தரும் இல்லை எண்டுதான் அப்பிடிச் செய்தம்,” என்றான் பரஞ்சோதி அங்கே. “ஒருத்தரும் பாக்காத இடத்திலை நடக்கிறதுக்குத்தானே முறையெல்லாம்.”

கார்த்திகேசுவின் வீட்டு வளவில் விறகு கொத்த ஆளில்லை என்று கேள்விப்பட்டு, பரஞ்சோதி கோடாலியை எடுத்துக்கொண்டு போனான். அன்னமுத்து வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மரக்குற்றிகள் கிடந்த மூலையைக் கையால் காட்டிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். மாரி மழை தொடங்கும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் போய்க் கொத்தி அடுக்கினான்.