ஏழு நொடிப் பிணம்

ஏஞ்சலினின் அப்பா ஸ்டீபன் ஒரு சினிமாவில் நடித்திருந்தார். ஏழு நொடி வருவார். பிணமாக.

கும்மிடிப்பூண்டியில் மூடிக் கிடந்த ஒரு ஷெட்டில்தான் அந்தக் காட்சியை எடுத்தார்கள். பக்கத்து இரும்புக் கம்பெனியில் வேலை செய்யும் அப்பாவைப் பார்த்ததும், "இந்த முகத்துல பிணக் களை இருக்கு" என்று உதவி இயக்குநர் தேர்ந்தெடுத்தாராம். அப்பா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

படம் வெளியான மறுநாள், அவர்கள் தெருவிலேயே இருக்கும் பரத் அண்ணன் தன் யூடியூப் சேனலில் விமர்சனம் போட்டார். அந்தச் சேனலை நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்க்கிறார்கள். அதில் தொண்ணூறு பேர் அந்தத் தெருதான்.

"ஹீரோ ஓகே. பாட்டு ஓகே. ஆனா அந்தப் பொணம் கால ஆட்டுது. பொணமாவே நடிக்கத் தெரியலன்னா உயிரோட இன்னா நடிக்கப்போறாரு? பத்துக்கு சைபர்."

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் அப்பாவின் நண்பர் லோகு மாமா கேட்டார்: "இன்னா பொணம், நாஷ்டா துன்னாச்சா?"

பஸ்ஸே சிரித்தது. அதன்பிறகு அப்பா பஸ் ஏறவில்லை. நான்கு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தார். பஸ் கதைகளைச் சொல்லிச் சிரிக்கிறவர், இப்போது ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார். பிணமாக நடித்தபோதுகூட அவர் அவ்வளவு அமைதியாக இல்லை.

ஏஞ்சலின் அந்தக் காட்சியைப் போனில் நாற்பது முறை பார்த்தாள். நான்காவது நொடியில் வலது கால் கட்டைவிரல் ஆடியது. அது மட்டும்தான்.

"எறும்பு கடிச்சிதாப்பா?"

"இல்லம்மா. கம்பெனில ரெண்டு மணி சங்கு ஊதிடுச்சி. பதினெட்டு வருஷமா அந்தச் சங்கு ஊதுனா ஷிப்ட்டுக்கு எழுந்து ஓடறவன் நான். அன்னிக்கி பல்லக் கடிச்சிக்கினு படுத்துக்கினே இருந்தேன். வெரலு மட்டும் கேக்கல."

"படத்துல சங்கு சத்தமே இல்லியே."

"அத்த எடுத்துட்டு வயலின் வச்சிட்டாங்க."

சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஏஞ்சலின் மொட்டை மாடியில் நின்று, அம்மாவின் போனில் சங்கைப் பதிவு செய்தாள். ஞாயிறு சர்ச் முடிந்ததும் ஒரு காலிக் குடத்தோடு டீக்கடைக்குப் போனாள். லோகு மாமாவும் பரத் அண்ணனும் அங்கே இருந்தார்கள்.

"மாமா, பொணமா படுங்க பாக்கலாம். ஏழு நொடி."

"அவ்ளோதானா? ஏழு நாள் படுப்பேன்."

"வேணாம் மாமா. வாடை வரும்."

லோகு மாமா பெஞ்சில் நீட்டிப் படுத்தார். ஏஞ்சலின் போனைக் குடத்துக்குள் வைத்துச் சங்கை ஊதவிட்டாள். குடம் அதிர்ந்தது. பிணம் துள்ளி எழுந்து, துண்டைத் தோளில் போட்டு, "என் டிபன் பாக்ஸ் எங்க?" என்றது. டீ குடித்துக்கொண்டிருந்த, அதே கம்பெனி ஆதிகேசவன் மாமாவும் கிளாஸை வைத்துவிட்டு ரோடுவரை போய்விட்டார்.

பரத் அண்ணன் சிரித்தார். "எனக்கு எந்தச் சங்கு ஊதுனாலும் கவல இல்ல" என்று அவரே படுத்தார். சங்கு ஊதியது. அவர் அசையவில்லை.

மூன்றாவது நொடியில் ஏஞ்சலின் போனைக் குடத்திலிருந்து எடுத்து, பரத் அண்ணனின் விமர்சனத்துக்குக் கீழே 'சூப்பர்' என்று ஒரு கமெண்ட் போட்டாள்.

டிங்.

பரத் அண்ணனின் கை சட்டைப் பைக்குள் போனது.

"பொணம் கமெண்ட் பாக்குது" என்றார் லோகு மாமா.

"எங்கப்பா கட்டவெரலோட நிறுத்திக்கினாரு" என்றாள் ஏஞ்சலின்.

பரத் அண்ணன் எழுந்து உட்கார்ந்து, அப்பாவின் சங்குக் கதையை முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

சாயங்காலம் புது விமர்சனம் வந்தது. சங்கு, பதினெட்டு வருஷம், டிபன் பாக்ஸ் எல்லாம் அதில் இருந்தன. பிணத்துக்குப் பத்துக்கு ஒன்பதரை.

அப்பா மூன்று முறை பார்த்தார். "அந்த அர மார்க்கு எங்க?"

"கட்டவெரலுக்குப்பா."

திங்கட்கிழமை அப்பா பஸ்ஸில் போனார். அன்று சாயங்காலம் லோகு மாமா வாசலில் நின்று ஏஞ்சலினிடம் புகார் சொன்னார்.

"காலைல கம்பெனி வாசல்ல பஸ் நிக்கசொல்ல சங்கு ஊதுச்சி. நாங்க எறங்கி ஓடறோம், உங்கப்பன் சீட்லயே கண்ண மூடிக்கினு கெடக்கறான். பயந்துபோயி மூக்குல வெரல் வச்சிப் பாத்தேன். ஏழு எண்ணி முடிச்சிட்டு எழுந்து வர்றான்."

"கட்டவெரல் ஆடுச்சா மாமா?"

லோகு மாமா நன்றாக யோசித்தார். "இல்லம்மா. துளிகூட ஆடல."

ஏஞ்சலின் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பரத் அண்ணனிடம் இன்னும் அரை மார்க் பாக்கி இருந்தது.