வெள்ளைக் காளான் மேல் ஒரு பிணம்

"ஐயோ... பொணம்!"

குளிர் அறைக்குள்ளிருந்து வந்தது அலறல்.

நறுக்கும் எந்திரங்கள் நின்றன. நாற்பது வலைத்தொப்பிகள் திரும்பின.

பெரிய காளான் தொட்டியின் மேல் குப்புறக் கிடந்தான் மேஸ்திரி டக். பின்மண்டை பிளந்திருந்தது!

காளானைத் தரம் பிரித்து அலசும் ஓட்டீலியா எட்டிப் பார்த்தாள். கண்ணீர் வரவில்லை. தொழிலாளி கழிவறைக்குப் போனால்கூடக் கடிகாரத்தைப் பார்க்கிற ஆளுக்காக யார் அழுவார்கள்?

ஆனால் அடுத்து வந்த குரல் அவளைச் சட்டென்று திரும்ப வைத்தது.

"எவாரிஸ்டோதான் கொன்னிருக்கான்!"

சொன்னவர் முதலாளி ஃபாசினி. எவாரிஸ்டோ... ஓட்டீலியாவின் புருஷன்!

பென்சில்வேனியா போலீஸ் இருபது நிமிடத்தில் வந்தது. அதிகாரி ரூத், நெடுநெடுவென்று வளர்ந்த பெண்மணி.

ஃபாசினி எவாரிஸ்டோவைக் காட்டினார். "விடிகாலை நாலு மணிக்கு இந்தத் தொட்டிய உள்ள தள்ளினவன் இவன்தான் மேடம். நேத்துதான் டக்கோட சண்டை. தொட்டியத் தள்ளினப்பவே அடிச்சுப் போட்டுட்டான்! சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க. பன்னெண்டு மணிக்கு சூப் கம்பெனிக்கு மூணு டன் ஏத்தணும்."

"இங்க பொணம் கிடக்குது சார்."

"அது எங்கயும் ஓடாது மேடம்... லாரி ஓடிடும்!"

குளிரில் கிடந்த உடம்பு. செத்த நேரத்தைச் சட்டென்று சொல்ல முடியாது என்று கையை விரித்தார் டாக்டர்.

எவாரிஸ்டோவின் கையில் விலங்கு விழுந்தது. ஆயுசு முழுக்கக் கம்பி!

"ஓட்டீலியா... புள்ளைங்கள பாத்துக்கடி..."

"வாய மூடுய்யா! நீ எங்கயும் போகல." ரூத்தின் பக்கம் திரும்பினாள். "மேடம், நீங்க காளான் சமைப்பீங்களா?"

"டப்பாவ உடைச்சுக் கொட்டுவேன்."

"அதான் தெரியல. காளான் நசுங்கினா குளிர்லகூட ரெண்டு மூணு மணி நேரத்துல பழுப்பாயிடும். டக் எருமை கனம். நாலு மணிக்கு விழுந்திருந்தா, இப்ப ஒன்பதரை, கீழ இருக்கறது காபித்தூள் நிறத்துல இருக்கணும். பாருங்க!"

ரூத் குனிந்தார்.

நசுங்கிய காளான்கள்... பால் வெள்ளை!

"நாலேகாலுலேந்து எம் புருஷன் நறுக்கற எந்திரத்துலதான் நின்னான். நாப்பது பேர் சாட்சி."

"அப்போ ஆறரை மணிக்கு மேல உள்ள போனது யாரு?" என்றார் ரூத்.

நாற்பது தலைகளும் முதலாளியைப் பார்த்தன. அதற்குப் பிறகு டக்கோடு உள்ளே போனவர் அவர் ஒருவர்தான்.

"பைத்தியக்காரத்தனம்!" ஃபாசினி சிவந்தார். "எங்க காளான் அஞ்சு நாளானாலும் பழுப்பாகாது! வெளுப்புப் பொடித் தண்ணியில முக்கித்தான..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ரூத் அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கினார். "ரசாயனம் துளியும் இல்லைன்னு போட்டிருக்கே?"

"பெட்டியில இல்ல மேடம்... காளான்லதான்!" ஃபாசினி வழிந்தார்.

"இந்தப் பொடி விஷயம் டக்குக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? சூப் கம்பெனிக்குச் சொல்லிடுவேன்னு சொல்லிச் சொல்லியே என்கிட்ட பணத்தக் கறந்து..."

மறுபடியும் நாக்கு. பாவம், அன்று அதற்கு ஓய்வே இல்லை!

ஆனாலும் சமாளித்துக்கொண்டார். "பொடிக்கு அபராதம் கட்டிட்டுப் போறேன். பொடி போட்ட காளான் பழுப்பாகாது. அப்போ இவ சொன்ன கணக்கு தப்பு! இவனக் கொண்டுபோங்க!"

ஓட்டீலியா சிரித்தாள்.

"பொடி கலக்கறது யார் வேலை முதலாளி?"

"உன் வேலைதான்!"

"கை பூரா கொப்புளம். நல்ல கையுறை கேட்டேன், தரல. ஒரு வாரமா பொடி நேரா சாக்கடைக்குத்தான் போகுது! மேடம், தொட்டி ஓரத்தப் பாருங்க. நாலு மணிக்குத் தள்ளும்போது இடிபட்ட காளான்."

ஓரத்தில் இருந்தவை... பழுப்பு! பிணத்தின் கீழே மட்டும் வெள்ளை!

விலங்கு கை மாறியது.

"ஒரு வாரமா பொடி போடலையா?" கொலைக்கு வராத ஆத்திரம் ஃபாசினிக்குப் பொடிக்கு வந்தது. "இன்னியோட உன் வேலை போச்சு!"

"போகட்டும் முதலாளி. போற இடத்துல சாப்பாடு மட்டும் ஜாக்கிரதை... ஜெயில் சமையலுக்கும் நம்ம பழைய சரக்குதான் போகுது. நசுங்கியும் வெள்ளையா இருந்தா தொட்டுடாதீங்க!"