புள்ளியில்லா எகரம்

மூன்று நாள் நிழலில் உலர்த்திப் புல்லெண்ணெய் தடவிக் கட்டிய ஏடு, அவிழ்த்தபோது ஈரமாயிருந்தது. வினாயகமூர்த்தி முகர்ந்து பார்த்தார். எண்ணெய் மணமில்லை, வாவியின் உவர்ச்சேறு மணத்தது.

யுவ வருடத்து மார்கழி நண்பகல். அமிர்தகழி மடத்து நூலகத்தின் ஓடுகளில் மழை ஓயாது அறைந்து, சுவர் வழி கசிந்து, தூணடியில் சொட்டிக்கொண்டிருக்க, சாளரத்துக்கு வெளியே வாவியும் வானும் ஒரே சாம்பலாய்க் கலந்து கிடந்தன. உடன் பணிபுரியும் நல்லரத்தினம் குடையை விரித்தபடி, "ஏட்டுக்குப் பசிக்காது அண்ணன். உங்களுக்குமா பசிக்காது?" என்று சிரித்துவிட்டுச் சோறுண்ணப் போய்விட்டார்.

இந்த ஏட்டுக்கட்டைச் சென்ற ஆண்டு ஆரையம்பதியிலிருந்து தோணியில் கொண்டுவந்தவர் வினாயகமூர்த்தியே. உடன் வந்தவள் ஒன்பது வயது மகள் தெய்வானை. வாடைக்காற்றில் தோணி கவிழ்ந்தது. நீருக்கு மேல் ஒரு கணம் எழுந்த முகம் ஒரே சொல்லைக் கூவியது. 'ஏடு' என்று அவர் செவியில் விழுந்தது. மிதந்த ஏட்டுக்கட்டைத் தாவிப் பற்றினார். திரும்பியபோது நீர் மட்டுமே இருந்தது. சாகும்போதும் தமிழைக் காத்த பிள்ளை என்று ஊர் போற்றியது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே அவர் ஓராண்டு உயிர் தரித்தார்.

இப்போது கட்டின் வெற்றோலையில் ஏதோ கீறல் விரலில் தட்டிற்று. விளக்குக்கரியைத் தேய்த்துத் துடைத்தார். தெய்வானையின் குழந்தைக் கையெழுத்து. இரண்டே எழுத்து.

ஓலை கிழியுமென்று ஏடெழுதுவோர் புள்ளி குத்துவதில்லை. குறில் எகரத்துக்குரிய தலைப்புள்ளி இல்லாததால் எகரமும் ஏகாரமும் அங்கே ஒரே வடிவம். குறிலோ நெடிலோ, இடம் நோக்கியே கொள்ளவேண்டும். 'ஏடு' என்று வாசித்தார். மறுபடியும் வாசித்தார், குறிலாக.

எடு.

என்னை எடு.

காற்றல்லவா அன்று குறிலை நீட்டிற்று. அம்பலவா, நான் எதை எடுத்தேன்?

மூலையிலிருந்த ஏட்டுப் பெட்டிக்குள் நீர் தளும்பியது. மூடியைத் திறந்தார். இருட்டு. சேற்று மணம். கைகளை உள்ளே நீட்டினார்.

"எடுக்கிறன் மகள். இப்ப எடுக்கிறன்."

சில்லிட்ட இரு சிறு கைகள் கழுத்தைச் சுற்றின. தூக்கினார். மார்போடு அணைத்தார். ஈரக்கூந்தல் கன்னத்தில் ஒட்டியது. கண்களை மூடி அழுதார்.

பெட்டிக்குள்ளிருந்து தெய்வானையின் குரல் கேட்டது.

"அப்பா, எடு."

கழுத்தைச் சுற்றிய கைகள் இறுகின.