அதிராத முழவு

மாலையின் செவ்வொளி ஆன்பொருநை ஆற்று நீரில் கரைந்து, அக்கரை மருத மரங்களின் உச்சியில் மட்டும் சிறிது மிஞ்சியிருந்த நேரம். இக்கரையில் பரந்து கிடந்த கொங்குப் பாசறையில் யானைகள்கூட அசையாமல் நின்றன. படைத்தலைவர் மாவலியாரின் கூடாரத்துக்கு முன்னால் கைகள் கட்டப்பட்டு நின்ற பெண்ணையே வீரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயில் காவல் தலைவன் விடங்கன் மட்டும் தரையைப் பார்த்தான்.

அன்பு வாசகர்களே, அந்தப் படையின் சட்டத்தை இங்கே சொல்லிவிடுவது நல்லது. முன்னொரு காலத்தில் தூதர் ஒருவரை ஒற்றர் என்று எண்ணி வெட்டியதால் ஒரு தலைமுறை முழுவதும் போர் ஓயாமல் நடந்தது. அதன்பின் பிறந்த விதி இது: வெள்ளைக் கொடியோடு வருபவருக்காக வாயிலில் முழவு அதிர வேண்டும். அதிர்ந்தால் அவர் தூதர். அவர் பாசறையில் உள்ளவரை அங்கே எவர் உயிரையும் போக்கலாகாது. அதிராமல் உள்ளே வந்தவர் ஒற்றர், அவருக்கு மரணம். முழவை அடிக்கத் தவறிய காவலனுக்கும் அதே தண்டனைதான்.

"கொடியோடு வாயில் வழியாகவே வந்தேன். அக்கரையிலிருந்து சமாதானம் பேச வந்தேன்," என்றாள் அவள்.

"கொடியை எந்த ஒற்றரும் மடியில் மறைத்து வரலாம், அம்மணி. முழவைக் கேட்டவர் எவரேனும் உண்டா?" என்றார் மாவலியார்.

வீரர்கள் ஒருவரையொருவர் பார்த்து, இல்லையெனத் தலையசைத்தார்கள்.

விடங்கனுக்குக் கோலை ஓங்கியது நினைவிருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்ததும் நினைவிருந்தது. அதன்பின் கோல் முழவில் பட்டதா? பட்டிருக்கும் என்று தனக்குள் எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் காதில் அந்த ஓசை இல்லை.

வாள் உறையைவிட்டு வெளிவந்தது.

"நிறுத்துங்கள்! இவர் முறைப்படி வந்த தூதர். முழவை அடிக்க மறந்தவன் நான்."

"மறந்தாயா? நீயா? எப்படி?"

விடங்கனின் பின்னாலிருந்து கிழட்டு வேல்வீரன் ஒருவன் குரல் கொடுத்தான்: "இதைக் கேக்கவும் வேணுமா, சாமி? அந்த மொகத்தைப் பாத்திருந்தா நானே வேலைக் கீழ போட்டிருப்பேன்!"

எழுந்த சிரிப்பு மாவலியார் கையை உயர்த்தியதும் அடங்கியது.

"கட்டை அவிழுங்கள். அம்மணி, சமாதானம் வேண்டுமானால் உங்கள் அரசியே நேரில் வரட்டும். விடங்கா, தூதரை ஏற்ற காவலனே ஆற்றைக் கடத்திவிட வேண்டும் என்பது விதி. விடியுமுன் திரும்பி வா. விடிந்ததும்..." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வருவேன். இந்த வாள்மீது ஆணை."

பரிசல் நடு ஆற்றைத் தாண்டியதும் அவள் கேட்டாள்: "இப்படியே எங்கள் பக்கம் தங்கிவிட்டால் என்ன?"

"ஒரு நாளில் ஒரு விதியை மீறியது போதும், தேவி."

அக்கரையில் காத்திருந்த வீரர்கள் வேல்களைத் தாழ்த்தி மண்டியிட்டார்கள். "அரசியார் வாழ்க!" என்ற முழக்கம் எழுந்தது. விடங்கன் கையிலிருந்த துடுப்பு நழுவியது.

"அங்கேயே சொல்லியிருக்கலாமே!"

"கட்டிய கைகளோடு அரசி பேசினால் அதற்குப் பெயர் சமாதானமா? சரணாகதி." அவள் கரையேறித் திரும்பினாள். "விடியுமுன் வெள்ளைக் கொடியோடு உங்கள் வாயிலுக்கு வருவேன். உடன்பாடு முடியும்வரை அங்கிருந்து நகரமாட்டேன். நான் உள்ளே இருக்கையில் உங்கள் தலையை எவர் தொடுவார்? முடிந்தபின் உங்கள் தலைவரிடம் முதலில் கேட்கப்போவது உங்களுக்கான மன்னிப்பைத்தான்."

அவள் புன்னகைத்தாள்.

"இம்முறை என் முகத்தைப் பார்க்காமல் முழவை அடியுங்கள்."