பக்கத்துக் கொட்டடியின் வலி

லாடக்காரர் அந்தப் பந்தய லாயத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. முன்பு லாடம் அடித்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாராம். ஏன் என்று கேட்டால் ஒருவரும் முகம் பார்த்துப் பதில் சொல்லவில்லை. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை.

சிவப்புப் பெண்குதிரை கடைசிக்கு முந்தைய கொட்டடியில் நின்றது. சற்று நேரத்தில் பந்தயம். அதன்மேல் ஏறப்போகிறவன் அவருடைய மைத்துனன், மனைவிக்கு ஒரே தம்பி. பந்தய லாடம் தனி; தகடு போல் மெல்லியது, ஓடுகிற அன்றைக்குத்தான் அடிப்பார்கள்.

"பாத்து அடிங்க மச்சான். நான் விழுந்தேன்னா உங்களுக்கு வீட்டுல சோறு கிடைக்காது."

"உங்க அக்கா இப்பவே யோசிச்சுத்தான் போடுறா. நீ போய் உடுப்ப மாத்து மாப்ளே."

அவன் சிரித்துக்கொண்டே போனதும் லாயம் அடங்கியது. வைக்கோல் வாசனைக்கு நடுவே மருந்து நெடி. முன்னங்காலைத் தடவிப் பார்த்தார். முட்டிக்குக் கீழே அடுப்பாய்ச் சுட்டது. ஓரிடத்தில் மயிரை மழித்திருந்தார்கள்.

"இது என்னங்க, இங்க மட்டும் மழிச்சிருக்கு?"

தண்ணீர் வைக்க வந்த குதிரைக்காரர் வாளியைப் பார்த்தபடியே, "கொசுக்கடி. டாக்டர் பாத்துட்டாரு" என்றார்.

"கொசு கத்தியோட வந்துச்சா?"

குதிரைக்காரர் வாளியை ஓரமாக நகர்த்தினார்.

கடைசிக் கொட்டடியில் ஏதோ மூச்சு விட்டது. ஈரமான, கனத்த மூச்சு.

"அங்க எது நிக்குது?"

"ஒண்ணும் நிக்கல. போன சீசன்ல ஓடும்போது கால் ஒடிஞ்சு செத்துப்போன கறுப்புக் குதிரை இருந்த இடம். நீங்க வேலையப் பாருங்க."

எட்டிப் பார்த்தார். கழுவிவிட்ட தரை, வெறுமையாகக் கிடந்தது.

அந்த முன்னங்காலின் குளம்பை மடியில் ஏந்தி ஆணியை வைத்தார். பலகைக்கு அந்தப் பக்கமிருந்து அந்த மூச்சு இப்போது அவர் காதோரம் வந்துவிட்டது. சூடாக.

கை பிசகியது.

ஆணி நகத்தைத் தாண்டி உயிர்ச்சதைக்குள் இறங்கியது. உதை விழும் என்று கண்ணை இறுக்கிக்கொண்டார்.

விழவில்லை.

குளம்பிலிருந்து இரத்தம் வழிந்தது. பெண்குதிரை காதைக்கூட அசைக்காமல் நின்றது.

அலறியது பக்கத்துக் கொட்டடி.

குதிரைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே குந்திவிட்டார்.

"ஊசி போட்டா இப்படித்தாங்க," என்று கிசுகிசுத்தார். "காலை மரக்க வச்சா, வலி எங்கயாவது போகணும்ல? அந்தக் கறுப்புக்கும் இதே ஊசிதான். ஒடிஞ்சது தெரியாமலே ஓடிச்சு."

"தெரிஞ்சே என் மச்சினனை இதுமேல ஏத்தப் பாத்தீங்களா?"

"எனக்கும் பிள்ளைகுட்டி இருக்குங்க."

லாடக்காரர் ஆணியைப் பிடுங்கினார். அடித்த லாடத்தையும் கழற்றி எறிந்தார். சத்தம் கேட்டு வந்த பயிற்சியாளர் இரத்தத்தைப் பார்த்துவிட்டுக் காது கூசத் திட்டினார். காயம்பட்ட குதிரையை ஓட்ட முடியாது. அதைப் பந்தயத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். லாடக்காரருக்கு அந்த வசவு இனித்தது. மைத்துனன் பிழைத்தான்.

ஆனால் பயிற்சியாளரின் கோபம் சட்டென்று ஆறியது. போகும்போது யாரோடோ போனில் பேசிச் சிரித்துக்கொண்டே போனார். அதுதான் உறுத்தியது.

"என் மாப்ள எங்க?"

குதிரைக்காரர் தலை நிமிரவில்லை. "வேற குதிரை குடுத்துட்டாங்க. பக்கத்து லாயத்துது. அதோட ஜாக்கி வரலியாம்."

"ஏன் வரல?"

மைதானத்தில் கூச்சல் எழுந்தது. பந்தயம் தொடங்கிவிட்டது.

"அதுக்கும் ஊசியா? வாயத் தொறந்து சொல்லுய்யா."

அதற்குள் கடைசிக் கொட்டடியில் குளம்படி கேட்டது. முதலில் நடை. பிறகு ஓட்டம். நாலு எட்டுகூட வைக்க முடியாத அந்த இடத்துக்குள் ஏதோ ஒன்று தலைதெறிக்க ஓடிக்கொண்டே இருந்தது. பலகைகள் அதிர்ந்தன.

பிறகு, எலும்பு முறியும் சத்தம்.

கனமான ஏதோ தரையில் சாய்ந்து விழுந்தது.

மைதானத்தில் அத்தனை கூச்சலும் பட்டென்று நின்றுபோனது.